ஒரு வால்வும் இருபத்தொரு செடிலும்

என் இதயத்தில் ஒரு வால்வு ஒழுங்காக மூடாது. பன்னிரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் செய்த வேலை அது. முதலில் தொண்டை நொந்தது. பிறகு முழங்கால் வீங்கியது. அது வற்ற முழங்கை வீங்கியது. அதுவும் வற்றியபோது வருத்தம் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். அது இதயத்துக்குள் குடிபோன விஷயம் யாருக்கும் தெரியாது. தொண்டைக்கு வந்த கிருமியோடு சண்டைக்குப் போன உடம்பு, ஆள் மாறிப்போய்ச் சொந்த வால்வையே அடித்து நெளித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். அன்று தொடக்கம் என் உடம்பின் புத்தியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

அந்தக் கிருமி திரும்பவும் தொண்டைக்கு வந்தால் மிச்சம் இருப்பதையும் அடித்துவிடும் என்பதால் மூன்று கிழமைக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று எழுதினார்கள். நாற்பது வயது வரைக்கும் போடவேண்டும், தேவைப்பட்டால் அதற்குப் பிறகும். அது கையில் போடுகிற ஊசி இல்லை. ஊசி போட்ட நாட்களில் வகுப்பில் நான் வாங்குப் பலகையில் ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருப்பேன். அடக்கமில்லாத பிள்ளை என்று வாத்தியார் அதற்கும் ஒரு அடி போட்டிருக்கிறார். கிளினிக்கில் தாதிமார் மாறிக்கொண்டே இருந்தார்கள், நான் மட்டும் மாறவில்லை. "போனமுறை எந்தப் பக்கம்?" என்பதுதான் அவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

இந்த வால்வால் எனக்குக் கிடைத்த ஒரே பெருமை அதன் சத்தம். மூடாத வாயால் இரத்தம் பின்பக்கம் கசியும்போது நெஞ்சுக்குள் ஊதுவது போல ஒரு சத்தம் கேட்குமாம். பயிற்சிக்கு வரும் இளம் டொக்டர்களை வரிசையில் நிறுத்தி அதைக் கேட்கவைப்பார்கள். அவர்கள் சொல்லாமலே நான் இடப்பக்கம் சரிந்து படுத்து, மூச்சை வெளியே விட்டுப் பிடித்துக்கொள்வேன். அப்போதுதான் நன்றாகக் கேட்கும் என்பது எனக்கு அவர்களை விட முதலே தெரியும். ஒருமுறை ஒரு பொடியன் தனக்குச் சத்தம் கேட்கவில்லை என்று சொன்னபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

இந்த வால்வோடு நான் வளர்ந்தேன், கலியாணம் கட்டினேன், திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையும் போட்டேன். கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் என் கடையில் ஏறித்தான் போகவேண்டும். ஊரில் யாருக்குக் காணி உறுதி தொலைந்தது, யார் வெளிநாடு போகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அரசாங்கத்துக்கு முதல் தெரியும். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. மனைவி குச்சவெளிக்காரி, கோபம் வந்தால் பிறந்த வீட்டுக்குப் போகும் கரையோர பஸ்ஸின் நேர அட்டவணையைப் பிழையில்லாமல் ஒப்புவிப்பாள். அம்மா தையல்காரி. பள்ளிக்கூடச் சட்டைகள் தைத்தே என்னை வளர்த்தவர், இப்போதும் தையல் மெஷினை விடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று நோகத் தொடங்கியது. என்னைப் போன்றவர்கள் பல் பிடுங்குவதென்றால் பல் டொக்டரிடம் முதலில் வால்வு விஷயத்தைச் சொல்லவேண்டும். அவர் இதய கிளினிக்குக்குக் கடிதம் தருவார், அங்கே திகதி எடுக்கவேண்டும், பிடுங்குவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் விழுங்கவேண்டிய மருந்தை அவர்கள் எழுதித் தருவார்கள். பல்லில் இருக்கும் கிருமி இரத்தத்தில் ஏறி, நெளிந்த வால்வில் போய்க் குந்தாமல் இருக்கத்தான் இவ்வளவும். முந்திய பல்லுக்கு நான் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தவன். இந்தப் பல் அதற்கு நேரம் தரவில்லை. முகம் ஒரு பக்கம் பப்பாப்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. வேறு வருத்தம் ஏதும் இருக்கோ என்று பல் டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவர் பாவம், நல்ல மனிதர், ஐந்து நிமிடத்தில் பிடுங்கிவிட்டார்.

இரண்டு கிழமையில் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. பின்னேரம் வரும், குளிசை போட்டால் வியர்த்துப் போகும், அடுத்த நாள் பின்னேரம் திரும்ப வரும். டெங்கு என்று பார்த்தார்கள், இல்லை. நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்ட், என்று பார்த்தார்கள், அதுவும் இல்லை. அம்மா மல்லி அவித்துத் தந்தார், கண்ணூறு கழித்தார், கடைக்கு வரும் ஒரு ஆளின் பார்வை சரியில்லை என்று ஆளையும் கண்டுபிடித்தார். எனக்குக் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கடையில் ஒரு பக்கம் கொப்பி எடுத்தால் அடுத்த பக்கத்துக்கு முன் கதிரையில் குந்தி மூச்சு வாங்கவேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் பல்லைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, ஏனென்றால் எனக்கு உள்ளூர விளங்கிவிட்டது. விளங்கியதால்தான் பயம் வந்தது, பயத்தால்தான் சொல்லவில்லை. இப்படி ஒரு மடையனோடு நான் இத்தனை வருடம் ஒரே உடம்பில் இருந்திருக்கிறேன்.

கடைசியில் மனைவி என்னை ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு இளம் டொக்டர் பிள்ளை, என் மகளின் டீச்சர் வயதுதான் இருக்கும், என் கையை வாங்கி நகங்களைப் பார்த்தாள். நகத்துக்குள் மெல்லிய கறுப்புக் கோடுகள். போட்டோக்கொப்பி மெஷினின் கறுப்புத் தூள், என் தொழில் அப்படி என்றேன். கழுவிக்கொண்டு வாங்கோ என்றாள். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், போகவில்லை. திரும்பவும் கழுவச் சொன்னாள். தோல்தான் சிவந்தது, கோடு அப்படியே இருந்தது. வால்வில் இருந்து கிருமித் துணுக்குகள் பிய்ந்து இரத்தத்தோடு போய் நகத்துக்கடியில் சின்னச் சின்னதாக இரத்தம் கசியவைத்திருக்கின்றன என்று பிறகு சொன்னாள். இவ்வளவு நாளும் அதைத் தூள் என்று நினைத்து நான் நகவெட்டியால் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்ததாக அவள் பல்லைப் பற்றிக் கேட்டாள். நான் உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாயைத் திறந்து காட்டத் தெரிஞ்சுது, திறந்து சொல்லத் தெரியேல்லையோ?" என்றாள்.

டொக்டர் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கையில் மூன்று இடத்தில் இரத்தம் எடுத்தாள்.

ஈக்கோ எடுத்துப் பார்த்ததில் வால்வில் கிருமி கூடு கட்டியிருந்தது. கரையில் ஏற்றாமல் விட்ட வள்ளத்தின் அடியில் பாசி பிடிப்பது போலத்தான், அது வால்வில் பிடித்திருக்கிறது என்று பெரிய டொக்டர் சொன்னார். துறைமுகத்து ஆட்களுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல ஏலாது. ஆறு கிழமை ஆஸ்பத்திரி வாட்டிலேயே இருந்து நாளுக்குப் பல தடவை நரம்பு வழியாக மருந்து ஏற்றவேண்டும். மருந்துக்கு அது கரையாவிட்டால் கொழும்புக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றவேண்டிவரும். அதற்கிடையில் ஒரு பெரிய துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போகவும் கூடும். இந்தக் கடைசிச் செய்தியை அவர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அம்மாவின் காது தையல் மெஷின் சத்தத்துக்குள்ளும் பக்கத்து வீட்டுக் கதை கேட்டுப் பழகிய காது.

அந்த இடத்திலேயே, என் கட்டில் காலடியில் நின்றபடி, கண்ணை மூடிக் கைகூப்பி, என் பிள்ளை எழும்பி நடந்தால் உன் திருவிழாவுக்கு இருபத்தொரு செடில் குத்திக் காவடி எடுப்பான் என்று அம்மா முருகனுக்கு நேர்ந்துவிட்டார். செடில் என்றால் தூண்டில் மாதிரி வளைந்த கொக்கி. அதை முதுகுத் தோலில் வரிசையாகக் குத்தி, கயிறு கட்டி, பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்கக் காவடியோடு ஆடிப்போவார்கள். பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி இருந்தார். அவருக்கு இதயத்தைச் சுற்றியிருக்கும் பையில் அழற்சி வந்து நீர் கோத்திருந்தது. வருத்தத்தில் யார் பெரியவர் என்று எங்களுக்குள் ஒரு போட்டியும் நடந்துகொண்டிருந்தது. அவர் மெதுவாக, "அம்மா, நேர்த்தி வைக்கிறதுக்கு முதல் ஆளையும் ஒருக்கா கேட்டிருக்கலாமே" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஆறு கிழமை என்பது நாற்பத்திரண்டு நாள். கையில் குத்தி வைத்த ஊசிக்குழாயை மூன்று நாளைக்கொருமுறை மாற்றுவார்கள், கடைசியில் குத்த நரம்பு கிடைக்காமல் தாதிமார் என் கையை நிலப்படம் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கிண்ணியாக்காரர் எனக்கு முதல் சுகமாகி வீட்டுக்குப் போய், என்னைச் சீண்டுவதற்காகவே முட்டி முட்டியாக எருமைத் தயிர் அனுப்பினார். எனக்கும் மெல்ல மெல்லக் காய்ச்சல் விட்டது. ஈக்கோவில் பாசி சுருங்கியது. ஆறாவது கிழமை முடிவில் வால்வு பழைய நெளிசலோடும் பழைய சத்தத்தோடும் தப்பிவிட்டது, என்னை வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும்தான் யார் என்னைக் காப்பாற்றியது என்ற வழக்குத் தொடங்கியது. டொக்டர்மார் மருந்து என்றார்கள். மனைவி தான் இழுத்துக்கொண்டு போகாவிட்டால் மருந்து என்ன செய்திருக்கும் என்றாள். அம்மா இரண்டு பேரையும் கணக்கில் எடுக்கவில்லை. திருவிழாவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிளினிக்கில் நான் செடிலைப் பற்றிக் கேட்டேன். பெரிய டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒருமுறை கிருமி பிடித்த வால்வில் அடுத்தமுறை அது இன்னும் லேசாகப் பிடிக்கும் என்றார். "தோலில இருபத்தொரு ஓட்டை போட்டால் கிருமிக்கு இருபத்தொரு வாசல். திரும்பவும் பிடிச்சால் இந்த வால்வு தாங்காது" என்று சொல்லி, நான் மறக்கமாட்டேன் என்ற நம்பிக்கை இல்லாமல் கிளினிக் கொப்பியிலும் எழுதிவிட்டார். அதை நான் கடையில் போட்டோக்கொப்பி எடுத்து அம்மாவின் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டினேன்.

அம்மா அதைப் படித்தார். படித்துவிட்டுத் திரும்பவும் தையல் மெஷினை மிதித்தார். நான் கோயில் ஐயரிடம் போய்க் கேட்டேன். உடம்புக்கு ஏலாதென்றால் பால்காவடி எடுத்தால் போதும், முருகன் ஏற்றுக்கொள்வார் என்று அவர் பெருமனதோடு சொன்னார். அதை அம்மாவிடம் வந்து சொன்னேன். நேர்ந்தது நான், ஐயர் இல்லை என்றார். பாலுக்கு நேர்ந்திருந்தால் பால் எடுக்கலாம், செடிலுக்கு நேர்ந்துவிட்டுப் பால் கொண்டுபோனால் அது முருகனை ஏமாற்றுவது, உயிரைத் தந்தவன் திருப்பியும் எடுப்பான் என்றார். மனைவி எழும்பி, ஒரு செடில் குத்தினாலும் தான் பிள்ளைகளோடு காலை ஆறரை பஸ்ஸில் குச்சவெளிக்குப் போய்விடுவேன் என்றாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் முருகனிடம் பயம் இருந்தது. டொக்டருக்கு முன்னால் பெரிய விஞ்ஞானி போலத் தலையாட்டிவிட்டு வந்தவன், கோயில் மணிச் சத்தம் கேட்டால் கடையில் எழும்பி நிற்பேன். அதைவிடப் பெரிய பயம் அம்மாவைப் பற்றியது. திருவிழா நெருங்க நெருங்க அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வந்தார். நான் தும்மினால் ஓடிவந்து நெற்றியில் கை வைத்தார். நேர்த்தியை முடிக்காமல் விட்டால் எனக்கு ஒன்றும் வராது என்றே வைத்துக்கொண்டாலும், அடுத்த தடிமன் காய்ச்சலுக்கு அம்மாவின் இதயம் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது.

எனவே ஏமாற்றுவது என்று முடிவு செய்தேன். முருகனை இல்லை, அம்மாவை. முருகனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பார்மசியில் அகலமான பிளாஸ்டர் சுருள் இரண்டு வாங்கிக்கொண்டு, செடில் குத்துகிற அண்ணையைத் தேடிப் போனேன். துறைமுகத்து உள்குடாப் பக்கம் வள்ளங்களுக்கு இரும்பு ஒட்டுகிறவர். ஊரில் பாதிப்பேரின் முதுகை அவருக்குத் தெரியும். அவரிடம் என் திட்டத்தைச் சொன்னேன். முதுகில் பிளாஸ்டரை ஒட்டி, செடிலைப் பிளாஸ்டரில் மட்டும் கொழுவி, மேலே திருநீறும் சந்தனமும் அள்ளிப் பூசிவிட்டால் அம்மாவுக்குத் தெரியாது.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை நிறைய நேரம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எனக்கு எரிச்சல் வந்தது. என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"தம்பி, போன செவ்வாய்க்கிழமை உங்கட அம்மா வந்தவ" என்றார். "உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்ர தலையில கை வைச்சுச் சத்தியம் வாங்கினவ."

சத்தியத்தை உடைப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க அவர் முயலவே இல்லை. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, பழைய பேப்பரில் சுற்றியிருந்த ஒரு துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். அகலமான ஒரு பட்டி. என் முதுகின் நிறம். சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் மெல்லிய துணியில், அந்த நிறம் கிடைக்க எத்தனை கடை ஏறியிருப்பார் என்று தெரியவில்லை. நடுவில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்ன நூல் வளையங்கள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்று. அந்தத் தையல் எனக்குத் தெரியும். அந்தத் தையலைத்தான் பள்ளிக்கூடம் முழுதும் உடுத்தினேன்.

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இது. அம்மாவின் திட்டத்தில் ஏமாற வேண்டிய ஆள் நான். சந்தனம் பூசுகிறோம் என்று சொல்லிப் பட்டியைச் சுற்றி, வளையங்களில் செடிலைக் கொழுவிவிடவேண்டும். முதுகில் குத்தாவிட்டால் அவனுக்குத் தெரியாதோ என்று இவர் கேட்டிருக்கிறார். செடிலைக் கண்டதும் அவன் கண்ணை மூடிவிடுவான், பிறகு எது குத்தியது எது குத்தவில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியப்போவதில்லை என்று அம்மா சொன்னாராம். நாற்பது வயது மகனைப் பற்றி ஒரு தாய் வெளியாரிடம் சொல்கிற கதையா இது?

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அண்ணையின் சிரிப்பு நின்றது.

"உங்களுக்குத் தெரிஞ்சால் ஏமாத்தின பாவத்தில உங்களுக்கும் பங்கு வருமாம். முழுப் பாவமும் தனக்கு வரட்டும் எண்டவ." வெற்றிலைப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகினார். "வரேக்குள்ளயே அழுதுகொண்டுதான் வந்தவ தம்பி. குத்தினாலும் பிள்ளை போயிடுவான், குத்தாட்டியும் போயிடுவான், நான் என்ன செய்ய எண்டு கேட்டவ. நான் என்னத்தைச் சொல்ல."

பட்டியை மடித்து அவரிடமே கொடுத்தேன். அழுகை வந்தது, அழுதேன். வால்வு வருத்தத்தோடு ஆறு கிழமை கட்டிலில் கிடந்தபோது வராத அழுகை. பிறகு பிளாஸ்டர் சுருளையும் அவரிடமே கொடுத்து, பட்டி நழுவாமல் ஓரத்தில் ஒட்டுவதற்கு உதவும் என்றேன். எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நானும் அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். அந்தத் தலையின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லைதான்.

மனைவிக்கு மட்டும் சொன்னேன். அவள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு எழும்பி, அம்மாவுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைக்குப் பிறகு பஸ்ஸின் கதை எடுக்கவில்லை. அப்பம்மா ஏதோ சூனியம் செய்துவிட்டார் என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம்.

திருவிழா அன்று காலை, காவடிகள் புறப்படும் பிள்ளையார் கோயில் வளவில் வேறு ஆட்களுக்கு எல்லோரும் பார்க்கச் செடில் குத்தினார்கள். என்னை மட்டும், வருத்தக்காரனில் காற்றுப் படக்கூடாது என்று சொல்லி, அண்ணை ஒரு சீலைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார். அம்மாவும் திரைக்குள் வந்துவிட்டார். அண்ணை செடிலை எடுத்துக் காட்டினார். அம்மா சொன்னபடியே கண்ணை மூடினேன். சந்தனம் என்றார்கள், குளிராக ஏதோ பூசினார்கள், முதுகோடு சேர்த்து எதையோ சுற்றிக் கட்டினார்கள், ஓரங்களில் பிளாஸ்டரை அழுத்தினார்கள். முதலாவது செடிலுக்கு நான் ஒரு கத்துக் கத்தினேன். இரண்டாவதற்கு அதைவிடப் பெரிதாக. மூன்றாவதற்கு முருகனைக் கூப்பிட்டேன். அண்ணை என் காதுக்குள், "காணும் தம்பி, கத்தினது போதும், வெளியில ஆம்புலன்சுக்குச் சொல்லப்போறாங்கள்" என்றார். கண்ணை ஒரு நூல் அளவு திறந்து பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் கத்துவதை நிறுத்திவிட்டேன்.

பறைமேளம் அடித்தது. நான் காவடியைத் தோளில் வைத்து மெதுவாக நடந்தேன், ஆடவில்லை, ஆட டொக்டர் விடவுமில்லை. பின்னால் அண்ணை கயிற்றை இழுப்பது போலப் பிடித்து, உண்மையில் என் பட்டி கழன்றுவிடாமல் காவல் காத்துக்கொண்டு வந்தார். தெருவோரத்தில் என் கடை வாடிக்கையாளர்கள் கும்பிட்டார்கள். ஒருவர் காலில் விழுந்து திருநீறு கேட்டார். காணிக் கந்தோரில் கிளார்க் வேலை, என்னிடம் எப்போதும் சில்லறை இல்லை என்று சொல்கிற ஆள். அள்ளிப் பூசிவிட்டேன். அம்மா எனக்குப் பக்கத்திலேயே வெறுங்காலோடு சுடுதாரில் நடந்தார். அரோகரா சொன்னவர்களில் அவருடைய குரல்தான் பெரியது.

முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அண்ணை திரை பிடித்துச் செடில்களைக் கழற்றிவிட்டார். பட்டியைக் கழற்றுவது அம்மாவின் வேலை என்று ஏற்பாடு. வீட்டுக்கு வந்ததும் என்னை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். சந்தனம் கழுவவேண்டும், கண்ணை மூடு என்றார். மூடினேன். வெயிலில் பிளாஸ்டர் தோலோடு ஒன்றாகிப் போயிருந்தது. அவர் மெல்ல இழுத்தார், வரவில்லை. பலமாக ஒரு இழுப்பு இழுத்தார். அன்று காலையில் இருந்து நான் போட்ட கத்துகளில் இதுதான் உண்மையானது.

கண்ணைத் திறந்தேன். பட்டியின் ஓரத்தில் என் தோல் ஒரு விரலகலம் உரிந்து வந்திருந்தது. முதுகில் இரத்தம் கசிவது தெரிந்தது. அம்மா அந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. "முருகன் தன்ர பங்கை எடுத்திட்டார்" என்றார் மெதுவாக. அடுத்த கணமே சுவரில் ஒட்டியிருந்த போட்டோக்கொப்பி நினைவுக்கு வந்திருக்கவேண்டும், முகம் வெளிறியது. என்னை ஓட்டோவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். நான் சட்டைகூடப் போடவில்லை, உடம்பெல்லாம் திருநீறு.

அன்று கடமையில் இருந்தது அதே டொக்டர் பிள்ளை. நான் ஒன்றும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கவே சொன்னேன். பட்டி, வளையம், அண்ணை, பிளாஸ்டர், எனக்கு முதலே தெரியும் என்பது உட்பட. அவள் பலமுறை காயத்தைக் குனிந்து பார்த்தாள், சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். சுத்தம் செய்து மருந்து கட்டினாள். மேல்தோல் உரிசல்தான், இனி இரண்டு கிழமைக்கு நாளும் காய்ச்சல் அளந்து எழுதவேண்டும், கொஞ்சம் கூடினாலும் குளிசை போடாமல் நேரே வரவேண்டும் என்றாள். அந்த இரண்டு கிழமையும் அம்மா ஒரு நாளைக்கு மூன்று தரம் அளந்தார். காய்ச்சல் வரவில்லை.

ஆனால் அது பிறகு. அன்று ஓட்டோவில் திரும்பி வரும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்துறைமுகத் தெருவில் காற்று அடித்தது. கப்பல் ஒன்று நின்றது, அதைப் பார்ப்பது போல இருந்தார். தான் பிடிபட்டதில் அவருக்கு வெட்கம். மூன்று மாதமாகச் செடிலுக்காக என்னோடு சண்டை பிடித்தவர் அல்லவா. எனக்கு அவர் கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கம் இல்லை, சீண்டத்தான் தெரியும்.

"அம்மா, எனக்கே தெரிஞ்சு போச்சு. முருகனுக்குத் தெரியாமல் போயிருக்குமோ?"

"அவருக்குத் தெரியும்."

"கோவிக்கமாட்டாரோ?"

அம்மா முந்தானையால் என் தோளில் இருந்த திருநீற்றைத் துடைத்தார்.

"கோவிப்பார் எண்டுதான் அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை, பட்டி குடுக்கப் போக முதலே, காளி கோயிலுக்குப் போனனான்" என்றார். "அவற்ற தாயோட கதைச்சிட்டுத்தான் வந்தனான்."